வெக்ஸ்மூர் வம்சமும் லோறென்ஸ்கூக் விசாரணைக் குழுவும்

மகள் ஓர் ஆங்கிலேயப் பையனைக் கலியாணம் செய்யப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் பூபாலசிங்கம் செய்த முதல் காரியம், பையனைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் விட்டதுதான். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஆட்களுக்கு மாப்பிள்ளை என்பவன் ஒரு குடும்பத்தின் நுனியில் தொங்குகிற காய். மரத்தை விசாரிக்காமல் காயைத் தொடுவது பண்பில்லை. ஆகவே அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, யாருடைய மகன் என்று முறைப்படி கேட்டார்.

"ஆற்றை மகன்?"

"எட்மண்ட் எண்டு பேர், அப்பா," என்றாள் மதுரா.

"பேரை ஆர் கேட்டது? ஆற்றை மகன்?"

மதுரா ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ற்றாக வேலை செய்பவள். வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் எப்படிப் பொறுமையாகக் கதைப்பாளோ அப்படியே அப்பாவிடமும் கதைத்தாள்.

"அவற்றை அப்பா ஒரு லோர்ட். இங்கிலாந்திலை. வெக்ஸ்மூர் பிரபு எண்டு சொல்லுறவை. ஆனா எட்மண்டுக்கு அதைச் சொல்ல வெக்கம். எனக்கே போன மாதம்தான் தெரியும்."

அடுப்படியிலிருந்து கனகாம்பிகை எட்டிப் பார்த்து, "பெடியன் உறைப்புச் சாப்பிடுமோ?" என்று கேட்டாள். இப்படியொரு முக்கியமான நேரத்தில் மனைவி இப்படிக் கேட்டது பூபாலசிங்கத்துக்கு எரிச்சலாக இருந்தது.

அவருடைய தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. பிரபு என்றால் பெரிய இடம். ஆனால் பெரிய இடம் என்று பிரபு சொன்னால் போதுமா? குழு சொல்ல வேண்டாமா?

குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோர்வே வாழ் நெய்தல்முனை மக்கள் ஒன்றியத்தின் குடும்ப விசாரணைக் குழு, எங்கள் ஆட்கள் வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் கையுறைக்குள் விரல் விறைக்க மீன் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் தோன்றியது. அங்கே எல்லாரும் ஒரே நீல உடுப்பும் ஒரே தொப்பியும் ஒரே நாற்றமுமாக நின்றதால், யார் எந்தப் பகுதி ஆள் என்று பிரித்தறிய முடியாமல் பெரியவர்கள் மிகவும் அவதிப்பட்டார்கள். அந்த அவதியில் பிறந்ததுதான் குழு. பிறகு ஆட்கள் தெற்கே வந்து ஒஸ்லோவிலும் லோறென்ஸ்கூக்கிலும் வீடு வாங்கினார்கள். குழுவும் கூடவே வந்து, தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு நிலவறையில் குடியேறியது. நெய்தல்முனையார் வீட்டுக் கலியாணம் எதுவும் குழு விசாரித்து 'நல்ல குடும்பம்' என்று தீர்மானம் போடாமல் நடந்ததில்லை. மீறி நடந்தவை சில பிரிவில் முடிந்தன. விசாரித்துச் செய்தவையும் பிரிவில் முடிந்ததுண்டு. ஆனால் அவை நல்ல குடும்பங்களுக்கு இடையிலான பிரிவுகள்.

பூபாலசிங்கம் குழுவுக்குப் பயந்தவர் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மதிப்பு என்பார். ஆனால் குழு வேண்டாமென்று சொன்ன கலியாணத்தைச் செய்தவர் வீட்டுக்கு ஒன்றியத்தார் போவதில்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. தான் செத்தால் பெட்டி தூக்க நாலு பேர் வரமாட்டார்கள் என்ற பயம், பஸ் டிப்போவில் கனமான இயந்திரங்களைத் தூக்கிப் பழகிய அந்த மெக்கானிக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மகளிடம் விஷயத்தைச் சொன்னார். மதுரா கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஜூன் மாதம் கலியாண எழுத்து. உங்கடை குழு ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் நான் எட்மண்டைத்தான் கட்டுவன். ஆனா அவையின்ரை சொல்லைக் கேட்டு நீங்கள் வராமல் விட்டியள் எண்டால், நான் பிறகு இந்த வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டன். கோவத்திலை சொல்லேல்லை. யோசிச்சுத்தான் சொல்லுறன்."

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் அவருக்கு நித்திரை வந்திருக்கும். ஒரே பிள்ளை. யோசித்துச் சொன்னால் செய்துவிடுவாள்.

ஆகவே குழு ஓம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அதற்கு வழி, பிரபு வீட்டு வரலாற்றைக் குழுவின் முன் வைப்பதுதான். எட்மண்டிடம் கேட்டுப் பார்க்கும்படி மதுராவுக்குச் சொன்னார். எட்மண்ட் உதவி செய்ய விரும்பும் பிள்ளை. அடுத்த ஞாயிறே ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். கியர்பெட்டி போலக் கனம். தோல் அட்டை, பொன் எழுத்து, நடுவில் வண்ணப் படங்கள். வெக்ஸ்மூர் வம்சத்தின் முழு வரலாறு. "எங்கள் வீட்டில் இதை யாரும் படித்ததில்லை. கதவு காற்றில் அடிக்காமல் இருக்க வைப்போம்," என்று நோர்வே மொழியில் சொல்லிச் சிரித்தான். பூபாலசிங்கம் அவனோடு கைகுலுக்கினார். பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவசரமாகக் காரில் ஏறினார். குழு ஞாயிறு மதியம்தான் கூடும்.

முதல் அமர்வைத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா உரையாற்றித் தொடக்கி வைத்தார். ஊரில் அவர் காணிக் கந்தோரில் பதிவேடு எழுதும் இலிகிதர். ஒஸ்லோவில் கடிதங்களைப் பிரித்துப் பெட்டியில் போடும் வேலை. இரண்டும் தன்னை இந்தப் பதவிக்கென்றே தயார்படுத்தியதாக அவர் நம்பினார்.

"நாங்கள் சாதி பாக்கிறேல்லை," என்றார் தலைவர். "நோர்வேக்கு வந்த பிறகு அந்தக் குப்பையெல்லாத்தையும் கடல்லை போட்டிட்டம். அதை ஆரும் எங்களிலை சொல்லேலாது. நாங்கள் பாக்கிறது, ஆக்கள் எப்பிடியான ஆக்கள், எந்தப் பகுதி, ஆரோடை கொண்டான் கொடுத்தான், ஆற்றை வீட்டிலை தண்ணி வாங்கிக் குடிப்பினம். அவ்வளவுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சாதி பார்க்காத குழு என்பதில் உறுப்பினர்களுக்கு மிகுந்த பெருமை. சாதி பார்க்காதவர்கள்தான் உறுப்பினராகலாம் என்பது விதி. அவர்கள் எல்லாரும் ஒரே பகுதி ஆட்களாக அமைந்தது தற்செயல்.

செயலாளர் குகநேசன் ஆங்கிலம் படித்தவர். அவர் புத்தகத்தை மடியில் வைத்து, பார்த்துப் பார்த்துத் தமிழில் வாசித்தார். வம்சத்தின் மூலவர் கடல் கடந்து மன்னரோடு வந்தவர். வந்த இடத்தில், மன்னரின் வேட்டைநாய்களுக்கு உண்ணி பொறுக்கும் பெரும்பணியை மெச்சி, வெக்ஸ்மூர் சதுப்பு நிலம் முழுவதையும் மன்னர் அவருக்கு எழுதிக் கொடுத்தார்.



"உண்ணியோ?" என்றார் தலைவர்.

"உண்ணிதான். இஞ்சை படமும் கிடக்கு. அவையின்ரை குடும்பச் சின்னக் கேடயத்திலை இப்பவும் ஒரு நாயும் ஒரு உண்ணியும்."

ஊரார் குடும்ப விவரங்களைத் தொலைபேசியிலேயே சேகரித்து வைத்திருக்கும் உறுப்பினர் நேசமணியக்கா, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினார். "எந்தக் கையாலை பொறுக்கினவராம்?"

அது புத்தகத்தில் இல்லை. பூபாலசிங்கம் மெதுவாக எழும்பி, "அக்கா, அது தொளாயிரம் வருசத்துக்கு முந்தின கதை," என்றார்.

"பூபாலு, எங்கடை மூலவர் அந்த நேரத்திலை என்ன செய்தவர்? சோழ ராசாவின்ரை படைத்தளபதி," என்றார் தலைவர். பூபாலசிங்கம் இருந்துவிட்டார். அதை மறுக்க முடியாது. நெய்தல்முனையில் எந்த வீட்டைத் தட்டினாலும் சோழ மன்னனின் படைத்தளபதியின் வழித்தோன்றல்தான் கதவைத் திறப்பார். அந்தப் படையில் சிப்பாய் ஒருவனுக்குக்கூடப் பிள்ளை பிறக்கவில்லை போலும். பூபாலசிங்கத்தின் குடும்ப வரலாறு அப்பப்பா வரைக்கும் தெளிவாகப் போகும். அதற்கு மேலே ஒரே பனிப்புகார். அந்தப் புகாருக்குள்ளேதான் எங்கோ தளபதி வாளோடு நிற்கிறார் என்று அவரும் நம்பி வந்தார்.

இரண்டாம் அமர்வில் தலைகள் உருண்டன. நாலாம் வெக்ஸ்மூரும் ஏழாம் வெக்ஸ்மூரும் அரசதுரோகத்துக்காகச் சிரச்சேதம் செய்யப்பட்டவர்கள். புத்தகம் இதைப் பெருமையோடு, தனி அத்தியாயமாக, கோடரியின் படத்தோடு சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து செத்தாலே மூன்று தலைமுறைக்குச் சம்பந்தம் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நேசமணியக்கா அவமிருத்துத் தோஷத்துக்கு இங்கிலாந்தில் என்ன பரிகாரம் என்று கேட்டார்.

அடுத்த அத்தியாயம் ஒன்பதாம் வெக்ஸ்மூரின் மனைவியைப் பற்றியது. "இவ மன்னருடைய அன்புக்குப் பாத்திரமானவ," என்று குகநேசன் வாசித்தார். "அதாலை புருசனுக்குப் பட்டம் கூடினது."

"என்ன மாதிரி அன்பு?" என்றார் தலைவர்.

குகநேசன் படத்தைத் திருப்பிக் காட்டினார். தலைவர் அதை நடுநிலையோடு, நெடுநேரம், இரண்டு கண்ணாடிகளாலும் மாறி மாறிப் பார்த்தார்.

இதற்குள் பூபாலசிங்கம் அந்த வம்சத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று படிக்கத் தொடங்கியவர், பஸ்ஸின் அடியில் மல்லாந்து கிடந்தபடி நாலாம் வெக்ஸ்மூர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தலை தப்பியிருக்குமே என்று கவலைப்பட்டார். மதியச் சாப்பாட்டில், கூட வேலை செய்யும் நோர்வேக்காரனிடம் ஏழாமவருக்கு நடந்த அநியாயத்தை விளக்கினார். அவன் அது தொலைக்காட்சித் தொடர் என்று நினைத்து எந்தச் சனலில் போகிறது என்று கேட்டான்.

ஞாயிறுகளில் அவர் வீடு திரும்பும்போது சில சமயம் வாசலில் பெரிய சப்பாத்து ஒரு சோடி கிடக்கும். சில சமயம் அதன் ஈர அடையாளம் மட்டும் கிடக்கும். "பெடியன் வந்து சாப்பிட்டிட்டுப் போகுது," என்பாள் கனகாம்பிகை. "ஓம் ஓம்," என்பார் அவர். அவர் தலைக்குள் பதினோராம் வெக்ஸ்மூர் அப்போது பாதிக் கடலில் நிற்பார்.

மூன்றாம் அமர்வில்தான் குழு நிலைகுலைந்தது. பன்னிரண்டாமவர் தன் சித்தப்பாவின் மகளைக் கலியாணம் செய்திருந்தார்.

"மாமன்ரை மகள் எண்டு வாசியும், குகநேசன்," என்றார் தலைவர். "பிழையாய் வாசிக்கிறீர்."

"இல்லை அண்ணை. தேப்பன்ரை தம்பியின்ரை மகள். கோடு கீறிக் காட்டியிருக்கு."

"தங்கச்சியையோ!" நேசமணியக்கா எழுந்தே விட்டார். தலைகள் போனதைக்கூட அவர் ஒருவிதமாகத் தாங்கியிருந்தார். மச்சாள் முறையும் தங்கச்சி முறையும் தெரியாத ஒரு சனம் உலகத்தை ஆண்டிருக்கிறதே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். தேத்தண்ணீர் கொடுத்து இருத்தினார்கள்.

அந்த அதிர்ச்சி ஆறுமுன்பே குகநேசன் அடுத்ததை வாசித்தார். வெக்ஸ்மூர் மாளிகையும் நிலமும் எப்போதும் மூத்த மகனுக்கே போகும். இளையவர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றும் கிடையாது.

"வீடு ஆம்பிளைப் பிள்ளைக்கோ?" என்றார் தலைவர். "அப்ப குமர்ப்பிள்ளையளுக்கு?"

"ஒண்டுமில்லை."

"பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்காத குடும்பம் ஒரு குடும்பமோ? தொளாயிரம் வருசமாய் நாயோடை திரிஞ்சவைக்கு இது விளங்கேல்லை!" இதை அவர் உண்மையான வேதனையோடு சொன்னார். பூபாலசிங்கத்துக்கு, இந்தக் கணக்கில் எட்மண்ட் மூன்றாவது மகன் என்று சொல்ல வாய் வரவில்லை.

எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று அவர் இருந்தபோதுதான் ஒனோறியா அம்மையார் வருவதாகத் தகவல் வந்தது. பிரபுவின் மூத்த சகோதரி. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பதிப்பைத் தொகுத்தவரும் அவரே. கோடையில் வடக்கே ஆற்றில் சல்மன் மீன் பிடிக்க வருவது அந்த வம்சத்தின் பழக்கம். போகிற வழியில் ஒஸ்லோவில் இறங்கிப் பெண் வீட்டாரைப் பார்க்க விரும்பினார். அவரும் விசாரணைக்குத்தான் வருகிறார் என்பது குழுவுக்கு உடனே விளங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாகக் குழு ஒரு சக குழுவைச் சந்திக்கப் போகிறது. தலைவர் கோட்டுத் தைக்கக் கொடுத்தார்.

கூட்டு அமர்வு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணும் மாப்பிள்ளையும் வரக்கூடாது, வந்தால் நடுநிலை கெடும் என்று குழுவின் விதி. அம்மையாரின் குடும்பத்திலும் அதே விதிதானாம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டு, குளிருக்கு நல்லது என்றார். உயரமான, மெலிந்த, வெயிலில் காய்ந்த கிழவி. குகநேசன் மொழிபெயர்த்தார். பெண்ணின் தகப்பனான பூபாலசிங்கம் வடையும் தேத்தண்ணீரும் பரிமாறினார்.

"நல்ல குடும்பம் என்றால் என்ன என்று ஆட்கள் சிரமப்பட்டு விளக்குகிறார்கள்," என்று தொடங்கினார் அம்மையார். "அது மிக எளிது. நாங்கள் நெடுங்காலமாக ஒரே இடத்தில் இருக்கிறோம். மற்றவர்கள் வந்து போகிறார்கள்."

"அதே, அதே!" என்றார் தலைவர். "நாங்களும் ஊரிலை அப்பிடித்தான் இருந்தனாங்கள். அசையேல்லை." தான் அதை ஒஸ்லோவில் நின்று சொல்கிறேன் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

"உங்கள் நிலத்தில் இப்போது யார்?"

"ஆமிக்காரன்."

"எங்கள் நிலத்தில் சுற்றுலாப் பயணிகள்," என்றார் அம்மையார். "கடதாசியை எறிந்துவிட்டுப் போவார்கள்." இருவரும் சற்று நேரம் சேர்ந்து துக்கப்பட்டார்கள்.

பிறகு அம்மையார் சோழத் தளபதியைப் பற்றி விசாரித்தார். எந்தப் போர் என்று கேட்டார். எல்லாப் போரும் என்றார் தலைவர். கடைசியில் தளபதியின் தலை போனதா என்று அம்மையார் கேட்டார். இல்லை என்றதும் அம்மையாரின் முகம் கொஞ்சம் வாடியது. "ஒரு தலைகூடப் போகாத குடும்பமென்றால், அரசன் அவர்களை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை என்று அர்த்தம்." நேசமணியக்கா குடும்ப மானத்தைக் காக்க, எங்கள் பக்கத்தில் ஒருவரை யானை மிதித்தது என்று சொல்லிப் பார்த்தார். அது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"பெண்ணின் தகப்பனார் என்ன செய்கிறார்?"

"பஸ் திருத்துறவர்," என்றார் தலைவர்.

"தன் சொந்தக் கையாலா?"

மண்டபமே திரும்பிப் பூபாலசிங்கத்தின் கைகளைப் பார்த்தது. அவர் தட்டைப் பிடித்தபடி நின்றார். எத்தனை தரம் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிறீஸ் இருக்கும்.

"என்ன செய்யிறது அம்மா, வெளிநாடு," என்று தலைவர் அவருக்காக மன்னிப்புக் கேட்டார். அம்மையார் கண்ணை மூடித் திறந்து மன்னித்தார். பூபாலசிங்கத்துக்கு அந்தத் தட்டை எங்கேயாவது வைத்துவிட்டு வெளியே போக வேண்டும் போல இருந்தது. ஆனால் வடை இன்னும் பாதிப்பேருக்குக் கொடுபடவில்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குகநேசன் இரண்டு மொழியிலும் வாசித்தார். இரு குடும்பங்களும் மிக நல்ல குடும்பங்கள். அவ்வளவு நல்லவை ஆகையால், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். அம்மையாரும் தலைவரும் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். தன்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட மனிதரை இங்கிலாந்தில்கூடச் சந்தித்ததில்லை என்று அம்மையார் சொன்னார். தலைவரின் கண் கலங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் பூபாலசிங்கமும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், தன் மகள் இனி வீட்டுக்கு வரமாட்டாள் என்பதற்குத் தான் கைதட்டுவது அவருக்கு விளங்கியது.

கார் நிறுத்துமிடத்துக்குத் தலைவர் கூடவே நடந்து வந்தார். தோளில் கை போட்டார்.

"மனசை விடாதையும், பூபாலு. எல்லாம் உம்மடை நன்மைக்குத்தான்."

"ஓம் அண்ணை."

"மதுராவுக்கு நல்ல இடமாய்ப் பாப்பம்." தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது சரி, நீர் உந்தப் பெடியனை விடுறதெண்டால், ஒரு கதை. என்ரை தம்பியின்ரை மகள் ஒண்டு லண்டனிலை இருக்குது. செவ்வாய்க் குற்றம். இவ்வளவு காலமும் ஒண்டும் சரிவரேல்லை. பெடியன்ரை ரெலிபோன் நம்பர் உம்மட்டை இருக்குமெல்லே?"

பூபாலசிங்கம் நின்றுவிட்டார். "அண்ணை, அந்த உண்ணி?"

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின உண்ணி, பூபாலு. அது இப்ப உயிரோடையோ இருக்கப்போகுது?"

"தலை வெட்டுப்பட்டது?"

"அரசியல். எங்கடை நாட்டிலை நடக்காததோ?"

"தங்கச்சியைக் கட்டினது?"

"காலம் மாறுது. நாங்களும் கொஞ்சம் மாறத்தானே வேணும்."

பூபாலசிங்கம் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். கோபம் வந்தது. தலைவர்மேல் வந்தது கொஞ்சம்தான். மீதி முழுவதும் தன்மேல். இரண்டு மாத ஞாயிறுகளை ஒரு நிலவறையில் உட்கார்ந்து, செத்துப்போனவர்களுக்காக வழக்காடியிருக்கிறார். கடைசியில் தன் வீட்டு மாப்பிள்ளைக்குத் தானே வெளியார் முன்னால் குற்றப்பத்திரிகை வாசிக்க விட்டு, வடையும் பரிமாறியிருக்கிறார். இப்படியொரு மடையனைப் பெற்ற அந்தச் சோழத் தளபதியை நினைக்கப் பாவமாக இருந்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

வீட்டு வாசலில் அந்தப் பெரிய சப்பாத்துக் கிடந்தது. அடுப்படியில் எட்மண்ட், கனகாம்பிகையின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இடியப்ப உரலை முழுப் பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தான். மதுரா மேசையில் தேங்காய் துருவினாள். அவரைக் கண்டதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"மாமா," என்றான் எட்மண்ட். மதுரா பழக்கியிருந்த ஒரேயொரு தமிழ்ச் சொல். மீதியை நோர்வே மொழியில் தடுமாறிச் சொன்னான். அத்தை தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டார். அண்ணன்மார் வரமாட்டார்கள். அப்பாவுக்கு வர விருப்பம், ஆனால் அவருக்கு அத்தையிடம் பயம். கலியாணம் பதிய மாப்பிள்ளைக்கு ஒரு சாட்சி வேண்டும், அவனைத் தெரியும் என்று கையெழுத்து வைக்க. அண்ணன்தான் வருவதாக இருந்தது. "இனி யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களைக் கேட்கலாமா?"

மதுரா துருவுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

பூபாலசிங்கம் கதிரையில் இருந்தார். இந்தப் பிள்ளையின் பரம்பரையில் பதினெட்டுப் பேரின் பெயர், பட்டம், சாவு எல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். வாயைத் திறந்தார். நோர்வே மொழியில் கேள்வி தானாக வந்தது.

"நீ என்ன வேலை செய்கிறாய்?"

அடுப்படியில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். தான் இதுவரை இதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அம்மையாரும் கேட்கவில்லை.

பாலர் பாடசாலையில் வேலை என்றான் எட்மண்ட். நாலு வயதுப் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குக் கூட்டிப்போவான், மழையானாலும் பனியானாலும். ஈரக் கையுறைகளைக் காயப்போடுவதுதான் பாதி வேலை. வீட்டில் தான் வளரும்போது ஒன்றையும் தொடாதே என்றுதான் சொல்லுவார்கள், எல்லாம் முன்னூறு வருடச் சாமான். இங்கே பிள்ளைகளைப் பார்த்து மரத்தில் ஏறு என்கிறார்கள். அதனால்தான் நோர்வேயில் தங்கிவிட்டான்.

"உறைப்புச் சாப்பிடுவாயா?"

"கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறேன்."

"பொய்," என்றாள் மதுரா. "அழுதழுது சாப்பிடுறவர்."

"பெடியனுக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது. நாயெண்டால் பயம். தாய் செத்து ஆறு வருசம்," என்றாள் கனகாம்பிகை, இடியப்பத்தை அடுக்கிக்கொண்டே.

"இதெல்லாம் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் அவையின்ரை வரலாறு படிச்சியள். நான் பெடியனோடை கதைச்சனான்."

அன்று பின்னேரம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்மண்டும் கேட்டான். பஸ்ஸின் இயந்திரச் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். அவர் மேசையில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். இடியப்பம் முடிந்தது. இன்னொரு தரம் அவித்தார்கள்.

மறுநாள் காலை நாலு பேரும் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த நோர்வேப் பெண் பூபாலசிங்கத்தின் சாட்சிப் பத்திரத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வியை நிரப்பாமல் விட்டிருந்தார்.

"மாப்பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி ஏதும் எழுத வேண்டுமா?" என்று அவர் கேட்டார். தொளாயிரம் வருடமும் நாக்கு நுனியில் நின்றது.

"தேவையில்லை," என்றாள் அவள். "இவரை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்? அதுமட்டும் போதும்."

பூபாலசிங்கம் திரும்பி எட்மண்டைப் பார்த்தார். மதுராவைப் பார்த்தார்.

"நேற்றுப் பின்னேரம் தொடக்கம்," என்றார்.

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நேற்றா? உங்கள் மகளின் மாப்பிள்ளை அல்லவா? அதற்கு முன்பு தெரியாதா?"

"இல்லை," என்றார் பூபாலசிங்கம். "அதற்கு முன்பு எனக்கு இவருடைய குடும்பத்தைத்தான் தெரியும்."